விரியாத கடிதம்
ஒரு கம்ப்யூட்டர் கோளாறைத் தேடிப் பிடித்த விவரம்

மும்பைக்கு வந்து இரண்டு, மூன்று தலைமுறைகள் ஆன பிறகும் நமக்கு ஊரோடு உள்ள எழுத்துத் தொடர்பு அறுந்துவிடவில்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் குடும்பங்களுக்கு, திருநெல்வேலிப் பக்கத்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ சார்பதிவாளருக்கோ ஏதாவது ஒரு கடிதம் எழுத வேண்டிய தேவை வந்துகொண்டேதான் இருக்கிறது. பிறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று, கோயில் கொடைக்கு அனுப்பிய பணத்துக்கு ரசீது என்று பட்டியல் நீளும். பெரியவர்களுக்கு விஷயம் தெரியும், எழுதக் கை நடுங்கும். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். ஆனால் ‘மேற்படி’, ‘பொருள்’, ‘பார்வை’, ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதும் தமிழ் பழக்கமில்லை.

இந்த இரண்டு கைகளையும் இணைப்பதற்காகத்தான் நம் சங்கத்தில் மாதிரிக் கடிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தோம். ஒரு சொல்லைத் தட்டி, டேப் பொத்தானை அழுத்தினால் முழுக் கடிதமும் திரையில் விரியும். பெயர், தந்தை பெயர், ஊர், தேதி ஆகிய இடங்களை மட்டும் நிரப்பினால் போதும். இந்த ஏற்பாடு ஒரு கட்டத்தில் பாதி வேலை செய்தது, பாதி செய்யவில்லை. அதற்கான காரணத்தைத் தேடிப் போனபோது கிடைத்த செய்தி, கம்ப்யூட்டரில் தமிழில் பெயர் எழுதும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் நமக்கு ஆகாது என்று நினைக்கும் அன்பர்களும் தயங்காமல் படிக்கலாம். ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்பில் காலம் கழித்த டிப்ளமோக்காரன் எழுதுவது, கடினமாக இருக்காது.

எந்த மென்பொருள்?

நாங்கள் பயன்படுத்துவது ஈமேக்ஸ் என்னும் எழுத்துத் தொகுப்பான். 1976-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலானோர் உருவாக்கியது. இன்று உள்ள ஜி.என்.யு. ஈமேக்ஸ் 1985-இலிருந்து பொதுமக்களுக்குக் கிடைத்துவருகிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். எல்லாவற்றையும்விட, தேவைக்கேற்ப அதை மாற்றி அமைத்துக்கொள்ளலாம். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதைக்கூட நாமே எழுதி வைக்கலாம். நமது பணிமனையில் ஒவ்வொரு மேஸ்திரியும் தன் கருவிப் பெட்டியைத் தன் கைக்கு ஏற்றபடி அடுக்கி வைத்திருப்பார் அல்லவா, அதுபோல.

இந்த மென்பொருளுக்குப் பல மொழிகளைக் கற்றுக்கொடுத்தவர் ஜப்பானைச் சேர்ந்த கெனிச்சி ஹாண்டா. அவரும் அவருடைய சகாக்களும் செய்த வேலை 1997-இல் ஈமேக்ஸ் 20-ஆம் பதிப்பில் சேர்ந்தது. தமிழ் தட்டச்சு முறைகளும் இப்போது அதற்குள்ளேயே இருக்கின்றன.

சொல்லைக் கடிதமாக விரிக்கும் வேலையைச் செய்வது யாஸ்னிப்பெட் என்ற துணைநிரல். ஒவ்வொரு மாதிரிக் கடிதத்துக்கும் ஒரு சிறு கோப்பு. கோப்பின் தலைப்பில் சாவிச்சொல் இருக்கும். அதன் கீழே கடிதம். நிரப்ப வேண்டிய இடங்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்திருப்போம். ஒரே எண்ணை மூன்று இடங்களில் போட்டிருந்தால், முதல் இடத்தில் தட்டும் பெயர் மற்ற இரண்டு இடங்களிலும் தானாகவே வந்து உட்காரும். காலமானவர் பெயர் ஒரே கடிதத்தில் மூன்று முறை வரும் வாரிசுச் சான்று விண்ணப்பத்துக்கு இதைவிட வசதி வேறில்லை.

கோளாறின் அடையாளம்

‘நன்றி’ என்று தட்டி டேப் அழுத்தினால் நன்றிக் கடிதம் வந்தது. ‘அழைப்பு’ வந்தது. ‘பட்டா’ வந்தது. ஆனால் ‘கோரிக்கை’ என்று தட்டி டேப் அழுத்தினால் சொல் அப்படியே நின்றது, அல்லது நாலு எழுத்து இடைவெளி விழுந்தது. ‘நன்கொடை’யும் அப்படியே. வாரிசுச் சான்றுக்கான விண்ணப்பம் இந்தக் ‘கோரிக்கை’ என்ற சாவிச்சொல்லுக்குள்தான் இருந்தது.

அவசரத்துக்கு எல்லோரும் செய்வதைத்தான் பிள்ளைகளும் செய்தார்கள். ஏற்கெனவே ஒருவருக்கு எழுதிய கடிதத்தை நகல் எடுத்து, அதில் பெயரை மாற்றி அச்சடித்தார்கள். தொண்ணூறு அடி சாலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள், கணவர் காலமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கையெழுத்துப் போடும் முன் கடிதத்தை ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்தார். மூன்றாவது பத்தியில் விரலை வைத்து, “இது எங்க வீட்டுக்காரர் பேரு இல்லையேப்பா” என்றார். முந்தையவர் பெயர் அங்கே மாற்றப்படாமல் நின்றிருந்தது. அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரிந்திருந்ததால் பிழை அங்கேயே பிடிபட்டது. படிக்கத் தெரியாதவராக இருந்திருந்தால் அந்த விண்ணப்பம் அப்படியே ஊருக்குப் போயிருக்கும். திரும்பி வர எத்தனை நாள், அதற்குப் பிறகு எத்தனை அலைச்சல் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

அப்போது ஒரு இளைஞர் சொன்ன வார்த்தைதான் என்னை உட்கார வைத்தது. “அங்கிள், தமிழ்னாலே கம்ப்யூட்டர்ல இப்படித்தான். இனிமே இங்கிலீஷ்லயே போட்டுருவோம்.” கோளாறு எங்கே என்று பார்ப்பதற்கு முன்பே பழி தமிழ் மேல் விழுந்துவிட்டது. அந்தத் தீர்ப்பு நிலைத்துவிட்டால், இத்தனை வருடம் சேர்த்து வைத்த கடிதங்களும் வீண், இனி எழுதப் போகும் கையும் இல்லை.

பாதியாக வெட்டிப் பார்த்தல்

நீண்ட வண்டி ஒன்றில் பிரேக் குழாயில் காற்று நிற்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் நிற்க வேண்டும். முள் இறங்கிக்கொண்டே போகிறது. இருபது பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் வண்டி கிளம்பாது. நடுப் பெட்டியில் ஆங்கிள் காக்கை மூடுவோம். இன்ஜின் பக்கப் பாதியில் அழுத்தம் நின்றால், கசிவு பின்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குவோம். நாலைந்து முறைக்குள் கசியும் பெட்டிக்கு முன்னால் நிற்போம். கம்ப்யூட்டருக்கும் இதே முறைதான்.

முதல் வெட்டு: கோளாறு மென்பொருளிலா, நாம் செய்துகொண்ட அமைப்புகளிலா? ஈமேக்ஸைத் தொடங்கும்போது ஒரு கோடும் பெரிய க்யூ எழுத்தும் சேர்த்துக் கட்டளையிட்டால், நம் சொந்த அமைப்புகள் எதையும் படிக்காமல் வெறும் மென்பொருளாகத் திறக்கும். அதில் யாஸ்னிப்பெட்டை மட்டும் ஏற்றி, நம் கடிதக் கோப்புகளைக் காட்டினேன். ‘நன்றி’ விரிந்தது, ‘கோரிக்கை’ விரியவில்லை. ஆக, மற்ற அமைப்புகள் எல்லாம் நிரபராதிகள். வண்டியின் முன்பாதி சுத்தம்.

இரண்டாவது வெட்டு: டேப் பொத்தான் சரியாக இருக்கிறதா? கண்ட்ரோல் ஹெச், பிறகு கே, பிறகு டேப் அழுத்தினால், அந்தப் பொத்தான் அந்த நேரத்தில் எந்தக் கட்டளையைச் செய்யும் என்று ஈமேக்ஸே சொல்லும். இங்கே ஒரு நல்ல தடயம் கிடைத்தது. ‘நன்றி’க்குப் பின்னால் நின்று கேட்டால் ‘விரி’ என்ற கட்டளையைச் சொன்னது. ‘கோரிக்கை’க்குப் பின்னால் நின்று கேட்டால் வரியை உள்தள்ளும் சாதாரணக் கட்டளையைச் சொன்னது. யாஸ்னிப்பெட்டின் இப்போதைய பதிப்புகள், முன்னால் நிற்கும் சொல் தன் பட்டியலில் இருந்தால்தான் டேப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் விலகி நிற்கும். பொத்தானில் பழுது இல்லை. ‘கோரிக்கை’ என்று ஒரு சொல் தன் பட்டியலில் இல்லை என்று அது நினைக்கிறது.

மூன்றாவது வெட்டு: பட்டியலையே கேட்டுப் பார்ப்பது. ஏற்றப்பட்ட எல்லாக் கடிதங்களையும் சாவிச்சொல்லோடு காட்ட அதில் ஒரு கட்டளை உண்டு. காட்டியது. ‘கோரிக்கை’ பளிச்சென்று பட்டியலில் இருந்தது! திரையில் தட்டிய சொல்லும் கோரிக்கை, பட்டியலில் உள்ளதும் கோரிக்கை. இருந்தும் இரண்டும் ஒன்றல்ல என்கிறது கம்ப்யூட்டர்.

இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். டேப் அழுத்தியும் விரியவில்லை என்ற அதே அடையாளம், வேறு காரணத்தாலும் வரும். ஈமேக்ஸில் ஆர்க் மோட் என்று ஒரு பகுதி உண்டு. குறிப்பேடு எழுதுவோர் விரும்பிப் பயன்படுத்துவது. அதில் < குறியோடு எஸ் எழுத்தைத் தட்டி டேப் அழுத்தினால் ஒரு மாதிரிக் கட்டம் விரியும். ஆர்க் 9.2 பதிப்பில் இந்த வசதியைத் தனிப் பகுதியாகப் பிரித்து வைத்துவிட்டார்கள். 2020 ஆகஸ்டில் வந்த ஈமேக்ஸ் 27.1-இல் அதற்கடுத்த ஆர்க் 9.3 இருந்ததால், பழைய 26-லிருந்து மாறியவர்கள் பலருக்கும் ஒரே நாளில் அது வேலை செய்யாமல் போனது. ஆர்க்-டெம்போ என்ற பகுதியை ஏற்றச் சொல்லி அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் பழையபடி வந்துவிடும். அல்லது கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் காற்புள்ளி அழுத்திப் புதிய வழியில் போகலாம். அடையாளத்தை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால், ஒருவருக்குக் குணமாகும். இன்னொருவருக்கு அதே மருந்து எதுவும் செய்யாது. வெட்டிப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது என்பதற்காக இதைச் சொன்னேன்.

எட்டும் ஒன்பதும்

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை அளவுகோல் வைத்துத்தான் பிரிக்க முடியும். தட்டிய ‘கோரிக்கை’யைத் தேர்வு செய்து ஆல்ட்டும் சமக்குறியும் அழுத்தினேன். எத்தனை வரி, எத்தனை சொல், எத்தனை எழுத்து என்று ஈமேக்ஸ் கணக்குச் சொல்லும். ஒரு வரி, ஒரு சொல், 8 எழுத்து. கடிதக் கோப்பின் தலைப்பில் இருந்த ‘கோரிக்கை’யைத் தேர்வு செய்து அதையே செய்தேன். ஒரு வரி, ஒரு சொல், 9 எழுத்து.

நமக்கு அது நாலைந்து எழுத்துதானே என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டருக்கு உயிர்மெய் ஒரே எழுத்து அல்ல. ‘ரி’ என்பது ர ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. ‘க்’ என்பது க ஒன்று, புள்ளி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. யுனிகோடு என்னும் உலகப் பொது அட்டவணையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். க-வின் எண் 2965, ர-வின் எண் 2992, புள்ளியின் எண் 3021. அந்த வகையில் கோ-ரி-க்-கை என்பதற்கு இரண்டு இரண்டாக 8 எண்கள். இது சரி. ஒன்பதாவது எங்கிருந்து வந்தது?

‘கோ’வில்தான். ஓகாரத்தைக் காட்ட நாம் எழுத்துக்கு முன்னால் இரட்டைச் சுழிக் கொம்பும், பின்னால் காலும் போடுகிறோம். யுனிகோடு இந்தக் கொம்பும் காலும் சேர்ந்த ஓகாரக் குறிக்கு 3019 என்று ஒரே எண் கொடுத்திருக்கிறது. அதே சமயம் கொம்புக்குத் தனியாக 3015, காலுக்குத் தனியாக 3006 என்ற எண்களும் இருக்கின்றன. ஏனென்றால் ‘கே’ எழுதக் கொம்பு மட்டும் வேண்டும், ‘கா’ எழுதக் கால் மட்டும் வேண்டும். ஆகவே ‘கோ’வை 2965, 3019 என்றும் எழுதலாம், 2965, 3015, 3006 என்றும் எழுதலாம். திரையிலும் காகிதத்திலும் இரண்டும் ஒன்றே. ‘கொ’வுக்கும் இதே கதை: 3018 என்று ஒன்றாகவோ, 3014, 3006 என்று இரண்டாகவோ வரலாம்.

இப்போது முதல் தடயத்தைத் திரும்பிப் பாருங்கள். நன்றி, அழைப்பு, பட்டா எதிலும் கொம்பும் காலும் சேர்ந்து வரவில்லை. கோரிக்கை, நன்கொடை இரண்டிலும் வருகிறது. எது பழுதானது என்பதோடு எது பழுதாகவில்லை என்பதையும் எழுதி வைத்தால், காரணம் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

இது எப்படி நேர்ந்தது?

சங்கத்தின் பழைய கடிதங்கள் 1990-களில் தட்டச்சு செய்தவை. அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எண் வரிசை வைத்திருந்தது. ஒரு கம்பெனியின் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் வெறும் கிறுக்கல். அதைச் சீர்செய்யத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகை அங்கிருந்து வந்ததே. யுனிகோடின் முதல் பதிப்பு 1991-இலேயே வந்து அதில் தமிழும் இடம்பெற்றிருந்தாலும், சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் அது புழக்கத்துக்கு வரப் பல வருடங்கள் ஆயின.

பழைய எழுத்துருக்கள் தட்டச்சு இயந்திரத்தின் வழியில் நடந்தவை. முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண்ணில் படும் வரிசையிலேயே பதிந்து வைக்கும். யுனிகோடோ முதலில் மெய், பிறகு உயிர்க்குறி என்று ஒலி வரிசையில் வைக்கும். எனவே பழைய கோப்பை யுனிகோடுக்கு மாற்றும் மென்பொருள், கொம்பைத் தூக்கி க-வுக்குப் பின்னால் வைத்து, அதைக் காலோடு இணைத்து ஒரே எண்ணாக்க வேண்டும். நம் கடிதங்களை மாற்றிய மென்பொருள் முதல் வேலையைச் செய்து, இரண்டாவதை விட்டுவிட்டது. கொம்பு இடம் மாறியது. கால் தனியாகவே நின்றது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. இன்று பிள்ளைகள் தட்டும் விசைப்பலகையோ ஓகாரத்தை ஒரே எண்ணாக அனுப்புகிறது. சாவிச்சொல்லை எண் எண்ணாக ஒப்பிடும் யாஸ்னிப்பெட், எட்டும் ஒன்பதும் ஒன்றல்ல என்று சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை.

மருந்து

இந்த இரண்டு வடிவங்களும் சமமானவை என்று யுனிகோடே விதி எழுதி வைத்திருக்கிறது. பிரிந்து நிற்பவற்றைச் சேர்த்து ஒரே சீராக்குவதற்கு என்.எஃப்.சி. என்று ஒரு முறையும் வகுத்திருக்கிறது. ஈமேக்ஸில் அதற்கு நேரடியான கட்டளை உண்டு. கோப்பு முழுவதையும் தேர்வு செய்து, ஆல்ட் எக்ஸ் அழுத்தி, ‘யு.சி.எஸ்-நார்மலைஸ்-என்.எஃப்.சி-ரீஜன்’ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால் போதும். கொம்பும் காலும் சேர்ந்துகொள்ளும். கோப்பைச் சேமித்துவிட்டு, கடிதங்களை மறுபடி ஏற்றச் சொல்ல வேண்டும். ஏற்றினேன். ‘கோரிக்கை’ தட்டி டேப் அழுத்தினேன். முழு விண்ணப்பமும் திரையில் விரிந்தது.

ஆனால் பணிமனையில் ஒரு கசிவை அடைத்ததும் வண்டியை அனுப்பிவிட மாட்டோம். முழுக் குழாயையும் மறுபடி அழுத்திப் பார்ப்போம். அப்படி எல்லாக் கடிதங்களையும் சோதித்தபோது, என்.எஃப்.சி. தொடாத சில பிழைகளும் வெளிப்பட்டன. இவை நம் வீட்டுப் பெயர்களில் அடிக்கடி வருபவை என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஔகாரம்: ‘கௌரி’, ‘சௌந்தரம்’ ஆகியவற்றில் வரும் ஔகாரக் குறிக்கு 3020 என்ற தனி எண் உண்டு. ஆனால் அதன் வால் பார்ப்பதற்கு ள-வைப் போலவே இருப்பதால், கொம்பையும் ள எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுவது பெருவழக்கம். பார்ப்பதற்கு கௌரி, கம்ப்யூட்டர் படிப்பது கெ-ள-ரி. ‘ஒளவை’ என்று பல இடங்களில் அச்சாவதும் இப்படித்தான்.

ரகரமும் காலும்: பழைய தட்டச்சில் ‘ர்’ எழுதக் காலின் மேல் புள்ளி வைப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில், ர-வின் எண்ணான 2992-க்குப் பதிலாகக் காலின் எண்ணான 3006 வந்து உட்கார்ந்துவிடும். சங்கர், சேகர், சுந்தர் என்று ‘ர்’-இல் முடியும் எல்லாப் பெயர்களும் இதில் அகப்படும்.

ஸ்ரீ: இதை ஸ-வின் எண்ணான 3000-ஐக் கொண்டும் எழுதலாம். 2005-இல் யுனிகோடு 4.1 பதிப்பில் சேர்ந்த, 2998 என்ற எண்ணுள்ள இன்னொரு கிரந்த எழுத்தைக் கொண்டும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே ஸ்ரீயாகத்தான் தெரியும்.

தமிழ் எண்கள்: ஒன்றைக் குறிக்கும் பழைய எண் க-வைப் போலவும், இரண்டு உ-வைப் போலவும், ஏழு எ-வைப் போலவும், எட்டு அ-வைப் போலவும் இருக்கும். க எழுத்து 2965. ஒன்றைக் குறிக்கும் எண் 3047. பிள்ளையார் சுழிக்குக் கீழே தவறி விழுந்த ஒன்று, சொல்லுக்குள்ளும் விழலாம்.

கண்ணுக்குப் படாதவை: எழுத்துகள் ஒட்டாமல் இருக்கச் சில மென்பொருள்கள் நடுவில் செருகும் குறி ஒன்று உண்டு, எண் 8204. அதற்கு அகலமே இல்லை. நகல் எடுத்து ஒட்டும்போது அதுவும் கூடவே வந்துவிடும்.

இவற்றை யுனிகோடு சமம் என்று சொல்வதில்லை; இவை உண்மையிலேயே வெவ்வேறு எழுத்துகள். ஆகையால் தானாகச் சேராது. ‘தேடி மாற்று’ கட்டளையால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். ‘கெளுத்தி’ என்ற மீனின் பெயரில் உண்மையாகவே ள இருக்கிறது என்பதால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றிவிடவும் முடியாது. அங்கே தமிழ் அறிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தமிழின் குறையா?

இல்லவே இல்லை. பிரெஞ்சு மொழியில் தலையில் கோடு போட்ட ‘ஏ’ ஓசை எழுத்தை 233 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம். 101, 769 என்று எழுத்தும் கோடுமாகப் பிரித்தும் எழுதலாம். கொரிய மொழியில் அசையை ஒரே எண்ணாகவும் எழுதலாம், உறுப்பு உறுப்பாகவும் எழுதலாம். நாம் தினமும் கடைப் பலகையில் பார்க்கும் மராத்தியிலும், கீழே புள்ளி வைத்த ‘ர’வுக்கு 2353 என்று ஓர் எண்ணும், 2352, 2364 என்று இரண்டு எண்களும் உண்டு. எல்லா மொழிக்காரர்களும் சந்திக்கும் சங்கடம் இது. அவர்கள் எவரும் தம் மொழி கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று கைவிடவில்லை. சீராக்கும் விதியை எழுதினார்கள், மென்பொருளில் சேர்த்தார்கள்.

வீட்டுக்கு உதவும் குறிப்புகள்

ஈமேக்ஸ் பயன்படுத்தாத அன்பர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டியலில், தமிழில் உங்கள் பெயரைத் தேடி, ‘இல்லை’ என்று திரை சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பெயர் கண்ணெதிரே இருந்தும் எண் மாறியிருந்தால் தேடல் அகப்படாது. பெயரின் ஒரு பகுதியை மட்டும், கொம்பும் காலும் சேராத எழுத்துகளாகப் பார்த்துத் தட்டித் தேடுங்கள். ‘கோமதி’ என்று தேடிக் கிடைக்காவிட்டால் ‘மதி’ என்று தேடிப் பார்க்கலாம்.

பழைய எழுத்துருவில் உள்ள குடும்பக் கடிதங்கள், திருமண அழைப்பிதழ்கள், முகவரிப் பட்டியல்கள் இருந்தால் யுனிகோடுக்கு மாற்றி வையுங்கள். மாற்றிய பிறகு, கோ, கொ, கௌ, ர், ஸ்ரீ வரும் சொற்களை நீங்களே ஒருமுறை தட்டித் தேடிப் பாருங்கள். அகப்பட்டால் மாற்றம் சரி. அகப்படாவிட்டால் அச்சு அழகாக இருந்தாலும் உள்ளே பிழை இருக்கிறது.

ஒரு குடும்பத்தின் பெயர்களை எல்லாம் ஒரே விசைப்பலகையில், ஒரே கையால் தட்டி ஓரிடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தேவைப்படும்போது அங்கிருந்தே நகல் எடுக்கலாம். எந்த விண்ணப்பமானாலும் கையெழுத்துக்கு முன், அது யாருடைய கடிதமோ அவர் படிக்க வேண்டும். படிக்க இயலாதவருக்குப் பக்கத்தில் உள்ளவர் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். இதற்கு எந்த மென்பொருளும் ஈடாகாது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கோளாறு என்றால் அதற்கு ஒரு விலாசம் இருக்கும். எந்தக் கோப்பு, எந்தச் சொல், எந்த எழுத்து, எந்த எண் என்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் அந்த விலாசத்தில் போய் நிற்கலாம். ‘தமிழ்னாலே இப்படித்தான்’ என்பது விலாசம் இல்லாத குற்றச்சாட்டு. அதை வைத்துக்கொண்டு எதையும் பழுது பார்க்க முடியாது. உங்களுக்கு விசைப்பலகை தெரியும், எங்களுக்குக் கடிதத்தின் வாசகம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் இரு தரப்பும் சங்கத்தில் சேர்ந்து உட்கார்ந்தால், மீதியுள்ள பழைய கடிதங்களையும் சீராக்கிவிடலாம். வீட்டில் தமிழில் அடித்த பழைய கோப்பு ஏதேனும் வைத்திருப்பவர்கள் வரும்போது கையோடு கொண்டு வாருங்கள்.